உணர்வி சொல்வது உண்மையா?

தோசைக்கல் காய்ந்துவிட்டதா என்று அறிய வீட்டில் என்ன செய்கிறார்கள்? கல்லின் மேல் சில துளி நீரைத் தெளிக்கிறார்கள். 'சுர்' என்ற ஒலியோடு துளிகள் துள்ளி மறைந்தால் கல் காய்ந்துவிட்டது. நீர் சோம்பலாகப் பரவி மெல்ல ஆவியானால் இன்னும் சிறிது நேரம் பொறுக்க வேண்டும். இங்கே கல்லின் வெப்பநிலையை யாரும் நேராக அளக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். வெப்பநிலையோடு சேர்ந்து மாறும் வேறொன்றைப் பார்த்து, அதிலிருந்து வெப்பநிலையை ஊகித்துக்கொள்கிறார்கள்.

நுண்ணலை அடுப்பும் இப்படித்தான் தன் சூட்டை அறிந்துகொள்கிறது. நீர்த்துளிக்குப் பதிலாக அதற்கு ஓர் உணர்வி இருக்கிறது. சூட்டிற்கேற்ப உணர்வியின் மின்தடை மாறுகிறது. அடுப்பிலுள்ள நுண்செயலி அந்த மின்தடையைப் பார்த்து, 'உள்ளே இவ்வளவு சூடு' என்று முடிவு செய்கிறது. ஆகவே மின்தடை எந்தக் காரணத்தால் மாறினாலும் நுண்செயலி அதைச் சூடு என்றே எடுத்துக்கொள்ளும். அடுப்புகளில் ஏற்படும் உணர்விப் பழுதுகள் பலவற்றுக்கும் இதுவே வேர்.

மாக்னெட்ரான் என்னும் வெற்றிடக் குழல் 2450 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட அலைகளை உண்டாக்க, உணவிலுள்ள நீர் மூலக்கூறுகள் அவற்றின் ஆற்றலை ஏற்றுச் சூடாகின்றன என்பதை நீங்கள் அறிவீர்கள். ராடார்த் துறையில் பணியாற்றிய பெர்சி ஸ்பென்ஸர் 1945-இல் இதற்கு வழிகண்ட கதை எல்லாப் புத்தகங்களிலும் உள்ளது. அதை இங்கே மீண்டும் சொல்லப் போவதில்லை. நமக்கு வேண்டியது வேறு. இன்று விற்கும் பல அடுப்புகளில் நுண்ணலையோடு மின்சூடேற்றியும் விசிறியும் இருக்கின்றன. சூடான காற்றைச் சுழலவிட்டுக் கேக், ரொட்டி முதலியன சுடுவதற்காக இவை. இத்தகைய அடுப்பில் காற்றின் வெப்பநிலையை அறிய ஓர் உணர்வி வேண்டும். வேறு சில அடுப்புகளில் உணவிலிருந்து கிளம்பும் நீராவியை அறியும் உணர்வி உண்டு.

மேலே செல்லுமுன் ஓர் எச்சரிக்கை. வழக்கமான நுண்ணலை அடுப்பில் 230 வோல்ட் மின்னழுத்தத்தை ஒரு மின்மாற்றி ஏறத்தாழ 2000 வோல்ட்டாக உயர்த்துகிறது. ஒரு மின்தேக்கியும் டையோடும் சேர்ந்து அதை இன்னும் உயர்த்தி மாக்னெட்ரானுக்குத் தருகின்றன. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்தேக்கியில் மின்னூட்டம் தங்கியிருக்கலாம். உயிரைப் பறிக்க அது போதும். ஆய்வகத்தில் 2 வோல்ட் மின்கலத்தோடு பழகிய துணிச்சல் இங்கே உதவாது. அடுப்பின் உறையைக் கழற்றுவது பயிற்சி பெற்ற பழுதுநீக்குநரின் வேலை. நாம் செய்யப் போவது, உறையைத் தொடாமலே பழுது எங்கே இருக்கக்கூடும் என்று சிந்திப்பது.

வெப்பநிலையை அறியப் பயன்படுவது பெரும்பாலும் தெர்மிஸ்டர். இது உலோக ஆக்சைடுகளால் ஆன ஒரு சிறு மணி. செம்புக் கம்பியைச் சூடாக்கினால் அதன் மின்தடை சிறிது உயரும். தெர்மிஸ்டர் இதற்கு நேர்மாறு. சூடேறச் சூடேற அதன் மின்தடை குறையும். அதுவும் மிக வேகமாகக் குறையும். மின்னணுச் சாமான் கடைகளில் எளிதில் கிடைக்கும் ஒரு வகையை எடுத்துக்கொள்வோம். 25 டிகிரி செல்சியஸில் அதன் மின்தடை 10 கிலோ ஓம். 0 டிகிரியில் அது ஏறத்தாழ 34 கிலோ ஓம். 30 டிகிரியில் 8. 50 டிகிரியில் 3.6, 100 டிகிரியில் வெறும் 0.7. நூறு டிகிரி ஏறுவதற்குள் மின்தடை ஐம்பதில் ஒரு பங்காகிவிடுகிறது! இந்த எண்களை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கட்டுரை முழுவதும் இவை தேவைப்படும்.

நுண்செயலிக்கு மின்தடையைப் படிக்கத் தெரியாது, மின்னழுத்தத்தைத்தான் படிக்கும். எனவே தெர்மிஸ்டரோடு 10 கிலோ ஓம் மாறாத மின்தடை ஒன்றைத் தொடராக இணைத்து, இரண்டுக்கும் சேர்த்து 5 வோல்ட் தருகிறார்கள் என்று கொள்வோம். தெர்மிஸ்டரின் இரு முனைகளுக்கு இடையிலுள்ள மின்னழுத்தம் நுண்செயலிக்குச் செல்கிறது. 25 டிகிரியில் இரு மின்தடைகளும் சமம், ஆகவே 2.5 வோல்ட். 100 டிகிரியில் 0.33 வோல்ட். ஓம் விதியைக் கொண்டு நீங்களே சரிபார்க்கலாம்.

இப்போது தெர்மிஸ்டருக்குச் செல்லும் கம்பி அறுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மின்னோட்டம் நின்றுவிடும், நுண்செயலி முழு 5 வோல்ட்டையும் காணும். எந்தச் சமையலறையிலும் இல்லாத கடுங்குளிர் என்றல்லவா அதற்குப் பொருள்? மாறாக, இரு கம்பிகளும் ஒன்றையொன்று தொட்டுவிட்டால் 0 வோல்ட். அதாவது எந்த அடுப்பும் தாங்காத சூடு. இவ்விரண்டும் நடவாதவை என்று நுண்செயலிக்கு முன்பே சொல்லிவைத்திருக்கிறார்கள். ஆகவே அது சமைப்பதை நிறுத்திவிட்டு, முகப்பில் ஒரு பழுதுக் குறியைக் காட்டுகிறது. குறிகள் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். ஆனால் அவற்றின் பொருளைப் பலர் தவறாக எடுத்துக்கொள்கிறார்கள். 'உணர்விப் பழுது' என்ற குறிக்கு 'உணர்வி கெட்டுவிட்டது, புதிது வாங்கு' என்று பொருள் இல்லை. 'உணர்வியின் சுற்றிலிருந்து நம்பமுடியாத எண் வருகிறது' என்பதே பொருள். அந்தச் சுற்றில் தெர்மிஸ்டர் உண்டு, கம்பி உண்டு, கம்பி செருகும் இணைப்பான் உண்டு, கட்டுப்பாட்டுப் பலகையும் உண்டு. குற்றவாளி நால்வரில் யாராகவும் இருக்கலாம்.

முற்றிலும் அறுந்த கம்பியைக் கண்டுபிடிப்பது எளிது. நம்பும்படியாகப் பொய் சொல்லும் சுற்றுதான் தொல்லை. அதில் இரண்டு வகை உண்டு.

முதல் வகையில் இணைப்பானில் துரு ஏறி, தொடர்பு தளர்ந்துவிடுகிறது. அந்த இடத்தில் 5 கிலோ ஓம் கூடுதல் மின்தடை உண்டாகிவிட்டது என்று கொள்வோம். இது தெர்மிஸ்டரோடு தொடர் இணைப்பு. அடுப்பு 100 டிகிரியில் இருக்கும்போது நுண்செயலி காண்பது 0.7 உடன் 5 சேர்ந்த 5.7 கிலோ ஓம். தெர்மிஸ்டரின் கணக்கில் 5.7 கிலோ ஓம் என்பது 38 டிகிரி! உள்ளே நூறு டிகிரி கொதிக்க, நுண்செயலி 'இன்னும் சூடே ஏறவில்லை' என்று சூடேற்றியை எரிய விட்டுக்கொண்டிருக்கும். இத்தகைய நிலையில் அடுப்பைக் காப்பாற்றுவது, நுண்செயலியின் சொல்லைக் கேளாமல் தனியாக இயங்கும் வெப்ப வெட்டுச் சாவி. 'அடிக்கடி அணைகிறது' என்று அந்தச் சாவியை ஒதுக்கிவிட்டுக் கம்பியை நேராக இணைப்பவர்கள் உண்டு. தீயை விலை கொடுத்து வாங்கும் வேலை அது.

இரண்டாம் வகையில் இணைப்பானின் இரு முனைகளுக்கிடையே எண்ணெய்ப் பசையும் ஈரமும் உப்பும் சேர்ந்து ஒரு மெல்லிய படலமாகப் படிந்துவிடுகிறது. அதன் வழியே சிறிது மின்னோட்டம் கசிகிறது. படலத்தின் மின்தடை 20 கிலோ ஓம் என்று கொள்வோம். இது தெர்மிஸ்டரோடு பக்க இணைப்பு. அடுப்பு 30 டிகிரியில் சும்மா இருக்கும்போது 8 கிலோ ஓமும் 20 கிலோ ஓமும் பக்க இணைப்பில் சேர்ந்தால் எவ்வளவு? பெருக்கி, கூட்டுத்தொகையால் வகுத்துப் பாருங்கள். அதே 5.7 கிலோ ஓம்! அதாவது அதே 38 டிகிரி.

ஆக, 5.7 கிலோ ஓம் என்ற ஒரே எண்ணுக்கு மூன்று பொருள் உண்டு. அடுப்பு உண்மையிலேயே 38 டிகிரியில் இருக்கலாம். 100 டிகிரியில் இருந்துகொண்டு தொடர்பு தளர்ந்திருக்கலாம். 30 டிகிரியில் இருந்துகொண்டு கசிவு ஏற்பட்டிருக்கலாம். எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எந்த அறிஞராலும் இம்மூன்றையும் பிரித்துச் சொல்ல இயலாது.

ஆனால் வழி இருக்கிறது. உணர்வியை இரண்டு வெப்பநிலைகளில் கேட்க வேண்டும். தொடர்பு தளர்ந்த சுற்றை 30 டிகிரியில் கேட்டால் 8 உடன் 5 சேர்ந்து 13 கிலோ ஓம். 19 டிகிரி என்று சொல்லும். பிழை 11 டிகிரி. 100 டிகிரியில் கேட்டாலோ பிழை 62 டிகிரி. கசியும் சுற்றோ 100 டிகிரியில் 0.68 கிலோ ஓம் காட்டி 101 டிகிரி என்கிறது; ஏறக்குறைய உண்மை. 30 டிகிரியில்தான் அது தடம் புரள்கிறது. காரணம் எளிது. சூட்டில் தெர்மிஸ்டரின் மின்தடை மிகச் சிறியது. அதோடு தொடராகச் சேரும் எதுவும் பெரிதாகத் தெரியும். குளிரில் அதன் மின்தடை பெரியது. பக்கவழியாக ஒழுகும் எதுவும் பெரிதாகத் தெரியும். தளர்ந்த தொடர்பு சூட்டில் காட்டிக்கொடுக்கும். கசிவு குளிரில் காட்டிக்கொடுக்கும்.

தூத்துக்குடியில் என் நண்பரான வேதியியல் பேராசிரியை ஒருவர் வீட்டில் இதற்கு அருமையான உதாரணம் கிடைத்தது. ஐப்பசி மழைக்காலம். அவருடைய அடுப்பில் 180 டிகிரியில் கேக் குறையின்றி வெந்தது. ஆனால் 40 டிகிரியில் வைத்துத் தயிர் உறையவிட்டால் அடுப்பு சூடேறவே இல்லை; பால் பாலாகவே இருந்தது. வந்து பார்த்த ஒருவர் கட்டுப்பாட்டுப் பலகையையே மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். புதிய அடுப்பின் விலையில் பாதிக்கு மேல் கேட்டது அந்தப் பலகை. "உணர்வியாக இருக்குமோ?" என்று நான் கேட்டேன். "உணர்வி கெட்டிருந்தால் கேக் எப்படி வேகும்?" என்று அவர் மடக்கினார். நியாயமான கேள்விதான்.

பிறகு வானொலிப் பெட்டிக் காலத்திலிருந்து பழுது பார்த்து வரும் ஒரு பெரியவரை அழைத்தோம். அவர் பெட்டியைத் தொடுமுன் கேட்ட முதல் கேள்வி, "இது மழைக்கு முந்தியே இருந்துச்சா சார், மழை வந்த பிறகா?" என்பது. "மழைக்குப் பிறகுதான் அண்ணாச்சி" என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். பிளக்கைப் பிடுங்கி, உறையைக் கழற்றி, முறைப்படி மின்தேக்கியின் மின்னூட்டத்தை வெளியேற்றிய பிறகே கையை உள்ளே விட்டார்.

அந்த அடுப்பின் தெர்மிஸ்டர் நாம் எடுத்துக்கொண்ட சிறிய வகை அல்ல. அறை வெப்பநிலையில் அதன் மின்தடை சுமார் 200 கிலோ ஓம். அதைத் தனியே கழற்றி அளந்தார், சரியாக இருந்தது. சுற்றிலிருந்து கழற்றாமல் அளந்திருந்தால் பலகையிலுள்ள மின்தடைகளும் பக்க இணைப்பாகச் சேர்ந்து தவறான எண்ணைத் தந்திருக்கும். இந்த ஒரு விதியை மறப்பதால் எத்தனையோ நல்ல உதிரிப்பாகங்கள் குப்பைக்குப் போகின்றன. அடுத்து, தெர்மிஸ்டரும் பலகையும் இரண்டு பக்கமும் கழற்றப்பட்ட வெறும் கம்பிகளையும் இணைப்பானையும் அளந்தார். அங்கே மின்னோட்டம் செல்ல வழியே இருக்கக்கூடாது. ஆனால் மீட்டர் 20 கிலோ ஓமை ஒட்டிக் காட்டியது! கடைசியாக, தெர்மிஸ்டருக்குப் பதிலாக 200 கிலோ ஓம் சாதாரண மின்தடை ஒன்றைப் பலகையில் நேராக இணைத்து, விலகி நின்று இயக்கிப் பார்த்தார். பலகை அதை அறை வெப்பநிலை என்று ஒழுங்காக ஏற்றுக்கொண்டது. பலகையில் குறையில்லை.

கணக்கிட்டுப் பார்த்தால் எல்லாம் பொருந்துகிறது. 200 கிலோ ஓமுக்குப் பக்கத்தில் 20 கிலோ ஓம் கசிந்தால் நுண்செயலி காண்பது 18 கிலோ ஓம். 30 டிகிரியில் இருக்கும் அடுப்பு நூறு டிகிரியை நெருங்கிவிட்டதாக அது நம்பும். பிறகு 40 டிகிரிக்காக ஏன் சூடேற்றியைப் போடப் போகிறது? 180 டிகிரியிலோ தெர்மிஸ்டரின் மின்தடையே இரண்டு மூன்று கிலோ ஓமாகச் சுருங்கிவிடுகிறது. 20 கிலோ ஓம் கசிவு அங்கே பெரிதாகத் தெரிவதில்லை. சில டிகிரிப் பிழையைக் கேக் பொறுத்துக்கொண்டது. கடற்காற்றின் உப்பும் மழைக்கால ஈரமும் சேர்ந்து செய்த வேலை இது. இணைப்பானை ஸ்பிரிட்டால் துடைத்து, நன்றாக உலர்த்தியதும் அடுப்பு சரியாகிவிட்டது. புதிய பலகை வாங்கிப் பொருத்தியிருந்தால், அதுவும் அதே இணைப்பான் வழியே அதே பொய்யைத்தான் கேட்டிருக்கும்.

உறையைத் திறக்காமல் வீட்டில் நாம் செய்யக்கூடிய சோதனைகளும் உண்டு. பெரியவர்கள் உடன் இருக்கும்போது செய்யுங்கள். முதலில், நுண்ணலை உண்டாகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு லிட்டர் நீரைக் கண்ணாடிப் பாத்திரத்தில் எடுத்து, வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு, நேரத்தை மட்டும் குறிக்கும் முறையில் முழு ஆற்றலில் ஒரு நிமிடம் வையுங்கள். வெளியே எடுத்துக் கலக்கிவிட்டு மீண்டும் அளவுங்கள். வெப்பமானியை அடுப்பின் உள்ளே வைக்கவே கூடாது. எத்தனை டிகிரி உயர்ந்ததோ அதை 70-ஆல் பெருக்கினால் நீர் ஏற்ற திறன் வாட்டில் கிடைக்கும். 10 டிகிரி என்றால் 700 வாட். ஏன் 70? ஒரு லிட்டர் நீரை ஒரு டிகிரி உயர்த்த 4200 ஜூல் வேண்டும். அதை 60 வினாடியால் வகுங்கள். இந்த விடை அடுப்பின் மேல் எழுதியுள்ள அளவை ஒட்டியிருந்தால் மாக்னெட்ரான் பக்கம் குறையில்லை. பழுது உணர்விப் பக்கம் என்று ஐயுறலாம்.

ஆவி உணர்வி கொண்ட அடுப்புகளில் சில வேளை பழுதே இல்லாமல் பழுதுபோல் தோன்றும். அந்த உணர்வி வேலை செய்யும் விதம் சுவையானது. காற்று வெளியேறும் வழியில் இரண்டு தெர்மிஸ்டர் மணிகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒன்று உலர்ந்த காற்றோடு மூடி முத்திரையிடப்பட்டது. மற்றது வலைமூடிக்குள் திறந்திருப்பது. இரண்டையும் மின்னோட்டத்தால் சூடாக்குகிறார்கள். ஈரம் கலந்த காற்று வெப்பத்தைக் கடத்தும் அளவு உலர்ந்த காற்றிலிருந்து மாறுபடும். ஆகவே ஆவி வந்ததும் திறந்த மணியின் சூடு மட்டும் மாறி, அதன் மின்தடையும் மாறுகிறது. இரண்டையும் வீட்ஸ்டன் சமனச் சுற்றின் இரு கரங்களாக அமைத்தால், சமநிலை குலைவதே ஆவி வந்ததற்கு அடையாளம். மூடிய மணி எதற்கு என்று கேட்பீர்கள். அறையின் வெப்பம் கூடினாலும் குறைந்தாலும் இரு மணிகளும் ஒன்றாக மாறும், சமநிலை குலையாது. ஆவி மட்டுமே வேறுபாட்டை உண்டாக்கும். பள்ளி ஆய்வகத்தில் சலிப்போடு செய்யும் அந்தச் சோதனை இங்கே சோறு ஆக்குகிறது!

ஆனால் சமைக்கத் தொடங்கும்போதே உள்ளே ஈரம் இருந்தால் நுண்செயலி ஏமாந்துபோகும். முன் சமைத்ததன் ஆவி, துடைக்காத தட்டு, உணர்வி ஆவியை எதிர்பார்த்திருக்கும்போது கதவைத் திறப்பது, ஆவி வெளிவர வழியின்றி இறுக மூடிய பாத்திரம், சுவரோடு ஒட்டி அடைபட்ட காற்றுவழி ஆகிய எல்லாமே பிழை தரும். பிளக்கைச் செருகியவுடன் மணிகள் சூடேறச் சிறிது நேரம் ஆகும். இரண்டு நிமிடம் பொறுக்கும்படி சில தயாரிப்பாளர்களின் கையேடுகளே சொல்கின்றன. ஆகவே உள்ளே நன்றாகத் துடைத்து, ஆறவிட்டு, பொறுத்திருந்து மீண்டும் பார்த்த பிறகே பழுது என்று பேச வேண்டும். அப்போதும் சரியாகாவிட்டால், பழுதுநீக்குநர் உணர்வியைக் கழற்றிவிட்டு அதன் இடத்தில் சாதாரண மின்தடைகளாலான ஒரு சிறு பொய்ச் சுற்றை வைத்து, ஒரு பொத்தானால் சமநிலையைக் குலைத்துப் பார்ப்பார். நுண்செயலி 'ஆவி வந்துவிட்டது' என்று நம்பினால் பலகை நலம். குறை உணர்வியில் அல்லது அதன் கம்பியில். அண்ணாச்சி 200 கிலோ ஓம் மின்தடையை வைத்துச் செய்ததும் இதே தந்திரம்தான்.

இந்தத் துப்பறியும் வேலையை ஆபத்தின்றி நீங்களே செய்து பார்க்கலாம். 25 டிகிரியில் 10 கிலோ ஓம் காட்டும் தெர்மிஸ்டர் ஒன்று, 4.7 கிலோ ஓம், 22 கிலோ ஓம் மின்தடைகள், ஒரு மல்டிமீட்டர் ஆகியவை போதும். தெர்மிஸ்டரின் கால்களில் நீர் படாதவாறு நீண்ட கம்பிகளை இணைத்து மெழுகாலோ வார்னிஷாலோ மூடுங்கள். இல்லாவிட்டால் நீரே ஒரு கசிவுப் பாதையாகிவிடும்! நண்பர் ஒருவர் உங்களுக்குத் தெரியாமல் ஒரு தீப்பெட்டிக்குள் 4.7 கிலோ ஓமைத் தொடராகவோ 22 கிலோ ஓமைப் பக்கமாகவோ இணைத்து மூடட்டும். அல்லது எதையுமே இணைக்காமல் இருக்கட்டும். தீப்பெட்டியிலிருந்து இரண்டு கம்பிகள் மட்டும் வெளியே வரவேண்டும். தெர்மிஸ்டரை முதலில் பனிக்கட்டி நீரிலும், பிறகு 60 டிகிரி வெந்நீரிலும் வைத்து அளந்து, பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள். குறையில்லாத தெர்மிஸ்டர் 60 டிகிரியில் 2.5 கிலோ ஓம் காட்ட வேண்டும்.

இதில் தேர்ந்துவிட்டவர்களுக்கு ஒரு கடினமான கணக்கு. தெர்மிஸ்டரின் பக்கத்தில் 22 கிலோ ஓம் கசிவு. அத்தொகுதியோடு தொடராக 4.7 கிலோ ஓம் தளர்ந்த தொடர்பு. இரண்டு பழுதும் ஒருங்கே இருக்கின்றன. ஒன்று மின்தடையைக் குறைத்துக் காட்டுகிறது, மற்றது கூட்டிக் காட்டுகிறது. ஆகவே ஏதோ ஒரு வெப்பநிலையில் இரண்டு பிழைகளும் ஒன்றையொன்று அடித்துவிட்டு, பழுதான சுற்று முழு உண்மையைச் சொல்லும். அப்போது தெர்மிஸ்டரின் மின்தடை என்ன? ஓர் இருபடிச் சமன்பாடு கிடைக்கும். விடை 13 கிலோ ஓமுக்குச் சற்றுக் குறைவு. அதாவது 20 டிகிரியை ஒட்டி. குளிரூட்டிய அறையில் அந்த அடுப்பைச் சோதிப்பவர் என்ன முடிவுக்கு வருவார் என்று எண்ணிப் பாருங்கள்.